ஆசிரியருக்குக் கடைசி நேரப் பரிசு: சேலம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் 5 வந்தால் ஒரு முறை, ஏப்ரலில் முழுப் பரீட்சை முடிந்தால் இன்னொரு முறை, நடுவில் மிஸ்ஸுக்குக் கல்யாணம், சாருக்கு மாறுதல் என்று அவ்வப்போது இந்தச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறோம்.

நாளைக்கு டீச்சர்ஸ் டேன்னு பையன் இப்பத்தான் சொல்றான். மணி எட்டாச்சு. இனிமே என்ன பண்ண முடியும்?

நிறையவே முடியும். முதலில் பையனைத் தூங்கவிடாமல் உட்கார வைத்து நாலு வரி எழுத வையுங்கள். எப்படி எழுதுவது என்று மூன்றாம் கேள்வியில் இருக்கிறது. பரிசை நீங்கள் பத்து மணிக்குக்கூடத் தேடலாம், பையன் பத்து மணிக்கு எழுத மாட்டான்.

அடுத்து, உங்கள் தெரு மளிகைக் கடையும் ஸ்டேஷனரி கடையும் எப்போது மூடும் என்று பாருங்கள். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் என்றால் பதற்றமே வேண்டாம். சிவப்புப் பேனா ஒரு பெட்டி, அல்லது சுக்குமல்லிப் பொடி அரைக்கத் தேவையான சாமான், அல்லது புதிதாக அரைத்த காபித் தூள் கால் கிலோ. இந்த மூன்றில் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். பரிசுப் பொருள் கடைக்குப் போகாதீர்கள். ‘பெஸ்ட் டீச்சர்’ என்று எழுதிய கப் ஒவ்வோர் ஆசிரியர் வீட்டிலும் ஏற்கெனவே நாலைந்து இருக்கும்.

எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினா சரியா இருக்கும்?

50 முதல் 200 ரூபாய்க்குள். அதற்கு மேலே போனால் வாங்குபவருக்குத்தான் சங்கடம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பார்க்க, ஒரு பையன் மட்டும் மினுமினுக்கும் பெட்டியை நீட்டினால் மிஸ் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் இன்னும் கவனம் தேவை. அவர்கள் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-க்கு உட்பட்டவர்கள். பரிசு வாங்குவதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. தனியார் பள்ளிகளில் பல, பரிசே கூடாது என்று டைரியில் அச்சடித்திருக்கும். அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பணம், கவரில் வைத்த மொய், கடை கூப்பன், தங்கக் காசு எதுவுமே வேண்டாம், தொகை சிறியதாக இருந்தாலும்.

லெட்டர் எழுதச் சொன்னா ‘யூ ஆர் மை பெஸ்ட் டீச்சர்’னு எழுதிட்டு ஓடிடறா. அதுக்கு மேல என்ன எழுத வைக்கிறது?

பொதுவாகப் பாராட்டச் சொன்னால் அப்படித்தான் வரும். பாராட்டச் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். ‘மிஸ் சொல்லித் தந்ததுல எது உனக்கு முதல்ல புரியாம அப்புறம் புரிஞ்சுது?’ ‘என்னைக்கு மிஸ் உன்னைச் சிரிக்க வச்சாங்க?’ ‘நீ அழுதப்ப என்ன பண்ணாங்க?’ மூன்றில் ஒன்றுக்காவது பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் போதும். முதல் வரி: ‘அன்புள்ள மிஸ்’. இரண்டாவது: அந்த ஒரு சம்பவம். மூன்றாவது: அதனால் இப்போது என்ன செய்ய வருகிறது. நாலாவது: பெயர், வகுப்பு, பிரிவு, தேதி. உதாரணத்துக்கு, ‘கடன் வாங்கிக் கழிக்கறது எனக்கு வரவே இல்லை. நீங்க புளியங்கொட்டை வச்சுக் காட்டினீங்க. இப்ப நான் தம்பிக்குச் சொல்லித் தர்றேன்.’ இதைப் படித்த ஆசிரியர் அந்தத் தாளைக் கசக்கிப் போட மாட்டார். தேதியும் பிரிவும் மறக்க வேண்டாம். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எந்த ஹரிணி, எந்த வருஷம் என்று தெரிய வேண்டும்.

எழுத்துப் பிழையை நீங்கள் திருத்தாதீர்கள். திருத்தி எழுத வைத்தால் கையெழுத்து அழகாகும், கடிதம் செத்துவிடும்.

எல்கேஜி பையன், எழுதவே வராது. அப்ப?

அவன் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதி, கீழே ‘அம்மா எழுதியது, சொன்னது அவன்’ என்று போடுங்கள். மீதி இடத்தில் அவன் மிஸ்ஸை வரையட்டும். நாலு விரல் வைத்து வரைந்தாலும் பரவாயில்லை.

டீச்சருக்கு நிஜமாவே உபயோகமா இருக்கற பொருள்னா எது?

அவர் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று யோசித்தால் விடை தானாக வரும். ஐந்தாறு பீரியட் பேசுகிறார், நின்றுகொண்டே இருக்கிறார், வீட்டுக்குக் கட்டுக் கட்டாக நோட்டு எடுத்துப் போகிறார்.

திருத்துவதற்குச் சிவப்புப் பேனா. பத்துப் பேனா உள்ள பெட்டி வாங்குங்கள். ஜெல் பேனா வேண்டாம், பால் பாயின்ட் வாங்குங்கள். பள்ளி நோட்டுத் தாள் மெல்லியது. ஜெல் மை பின்பக்கம் ஊறிவிடும், உடனே நோட்டை மூடினால் எதிர்ப்பக்கமும் சிவப்பாகிவிடும். சில பள்ளிகளில் பச்சை மை தலைமையாசிரியருக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். அதனால் நிறத்தில் புதுமை செய்ய வேண்டாம்.

கரும்பலகையில் எழுதுபவருக்குச் சாக்பீஸ் ஹோல்டர். விரலில் மாவு ஒட்டாது, துண்டுச் சாக்கும் வீணாகாது. வாங்கும்போது சாதாரண சாக்பீஸ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள், சிலதில் தடிமன் ஒத்துவராது. வெள்ளைப் பலகை உள்ள பள்ளி என்றால் மார்க்கர் மை ரீஃபில். நோட்டுக் கட்டு தூக்குபவருக்கு அடி அகலமான, தைத்த துணிப்பை. தொண்டைக்கு 100 கிராம் பனங்கற்கண்டு, கூட 50 கிராம் ஏற்காட்டு மிளகு. மிளகு வாங்கும்போது நாலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதையும் சொத்தை மிளகும் மிதக்கும்.

கையால செஞ்ச மாதிரி ஏதாவது வேணும். ராத்திரியே முடிக்கற மாதிரி சொல்லுங்க.

சுக்குமல்லிப் பொடி. முக்கால் மணி நேர வேலை, தொண்டை கட்டியவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து.

சுக்கை முழுசாக மிக்ஸியில் போடாதீர்கள், பிளேடு போய்விடும். முதலில் உரலிலோ துணியில் சுற்றி அம்மிக் குழவியாலோ நசுக்குங்கள். மல்லியைச் சிறு தீயில் வாசம் வரும் வரை வறுக்க வேண்டும், நாலைந்து நிமிடம் ஆகும். நிறம் கருக்க விட்டால் கசக்கும். மல்லியை இறக்கிவிட்டு அதே சூட்டில் சீரகம், மிளகு, சுக்கு, ஏலக்காயைப் புரட்டி எடுங்கள். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். அரைத்ததைச் சல்லடையில் சலித்தால் சுக்கு நார் மேலே நின்றுவிடும். அந்த நாரைக் கொட்டாதீர்கள், காலையில் நீங்கள் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

கெட்டுப்போவது இரண்டு காரணத்தால்தான். அரைத்த சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டும். அரை மணி நேரம் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். இன்னொன்று, கருப்பட்டியையும் தூள் செய்து அதிலேயே கலந்துவிடுவது. கருப்பட்டி ஈரம் இழுக்கும், மறுநாளே பொடி களியாகிவிடும். தனிப் பொட்டலமாக வையுங்கள். ஊறுகாய் பாட்டிலில் போட்டால் எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகாது. ஹார்லிக்ஸ் பாட்டில் சரியாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும், பால் தேவையில்லை என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

ஏற்காட்டு காபித் தூள் கொடுக்கலாமா? எதைப் பார்த்து வாங்கறது?

தாராளமாக. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 19-ம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்தே காபி பயிராகிறது. நம் ஊரின் அடையாளமாக ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றால் இதுதான் முதல் தேர்வு. கால் கிலோ போதும். ஒருவர் காலை மாலை குடித்தால் பன்னிரண்டு நாள் வரும், அதற்குள் மணமும் போகாது. அரை கிலோ வாங்கினால் கடைசிக் கால் கிலோ வெறும் கறுப்புத் தூள்.

‘சிக்கரி எத்தனை?’ என்று கேளுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். 80-க்கு 20 பலருக்கும் பிடிக்கும். பில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். மைய அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும், டிகாக்ஷன் இறங்காது. அவர் காபி குடிப்பவர்தானா என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஸ்டாஃப் ரூமில் யார் கையில் எந்த டம்ளர் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

பூ?

ஒற்றை ரோஜா வேண்டாம். வகுப்பில் எல்லாரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூம் மேசையில் நாற்பது வாடிய ரோஜா கிடக்கும்.

மிஸ் தினமும் பூ வைப்பவர் என்றால் இரண்டு முழம் மல்லியோ முல்லையோ நல்லது. வ.உ.சி. பூ மார்க்கெட் பக்கம் முந்தின நாள் மாலையே மொக்காகக் கட்டியதை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காலையில் வாழை இலையில் மடித்துக் கொடுத்தனுப்பினால் முதல் பீரியடுக்கு விரியும். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் வியர்த்து அழுகல் வாடை வந்துவிடும். செப்டம்பர் 5 ஆவணியில் வருகிறது. அதையொட்டி முகூர்த்தமோ விநாயகர் சதுர்த்தியோ வந்தால் விலை எகிறும், மாலையில் போனால் மொக்கும் மிஞ்சாது.

ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே?

அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பால் இனிப்பு வெளியே வைத்தால் ஒரு நாள்தான் தாங்கும், ஆசிரியருக்குச் சர்க்கரை இருக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காரமாகக் கொடுங்கள்.

நம் ஊர்த் தட்டுவடை செட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி வைத்த பிறகு அது ஐந்து நிமிடச் சரக்கு. பள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் நமத்துவிடும். வெறும் தட்டுவடையை மட்டும் காற்றுப் புகாமல் கட்டிக் கொடுக்கலாம். ஜவ்வரிசி வடாம் அதைவிட நல்லது, கெடாது, பொறுமையாகப் பொரித்துக்கொள்ளலாம். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது, வெளியூர் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு காரணம்.

சேலம்னாலே மாம்பழம். அதைக் கொடுத்தா என்ன?

ஆசிரியர் தினத்துக்கு நடக்காது, சீசன் முடிந்திருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது போன வருஷ ஆசிரியரைப் பார்த்துக் கொடுக்க மல்கோவா, இமாம்பசந்து இரண்டும் சரியான பரிசு. மல்கோவா என்றால் மூன்று பழம் போதும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து வாசமே இல்லை என்றால் கல் வைத்துப் பழுத்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது, ஆனாலும் சீசன் தொடக்கத்தில் கண்ணில் படும்.

செடி கொடுக்கலாம்னு ஆசை. நர்சரிக்குப் போக நேரமில்லை.

வீட்டில் கற்பூரவல்லி இருக்கிறதா? ஒரு சாண் நீளக் கிளையை ஒடித்து, கீழே உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். தொட்டி இல்லை என்றால் அடியில் ஓட்டை போட்ட பழைய டீ டம்ளர். முதல் இரண்டு நாள் தலை தொங்கும், பயப்பட வேண்டாம் என்று சீட்டில் எழுதிவிடுங்கள். வேர் பிடிக்க இரண்டு வாரம் ஆகும்.

தண்ணீரை ராத்திரியே ஊற்றிவிடுங்கள். காலையில் ஊற்றினால் வேனில் போகும்போது சேறு வடிந்து பை, யூனிஃபார்ம் எல்லாம் நாசம். மணி பிளான்ட் என்றால் கணுவுக்குக் கீழே வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். கணு மட்டும் தண்ணீரில் மூழ்க வேண்டும். இலை மூழ்கினால் அழுகி நாறும்.

நாங்க செவ்வாப்பேட்டை. வீட்லயே வெள்ளி வேலை. கொலுசு ஒரு ஜோடி கொடுத்தா தப்பா?

உங்களுக்கு அது வீட்டுச் சரக்கு, வாங்குபவருக்கு நகை. இரண்டாம் கேள்வியின் பதில் இதற்கும் பொருந்தும். கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை நெசவுக் குடும்பங்கள் பட்டுச் சேலையோ வெண்பட்டு வேட்டியோ கொடுக்க நினைப்பதும் இதே கதைதான். நெசவு வீடு என்றால், தறியில் மிஞ்சிய துணியில் ஒரு கண்ணாடி உறையோ பேனாப் பையோ தைத்துக் கொடுங்கள். செலவு இல்லை, உங்கள் கை வேலையும் தெரியும், மறுக்கவும் தோன்றாது.

ஏழு சப்ஜெக்ட், ஏழு டீச்சர். எல்லாருக்கும் வாங்கணுமா?

வகுப்பாசிரியருக்கு ஒரு பொருள், மற்றவர்களுக்கு ஆளுக்கு நாலு வரிக் கடிதமும் ஒரு பேனாவும். ஒரே ஒருவரை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலும் விடுபடுவது பி.டி. சார், கம்ப்யூட்டர் மிஸ், நூலகர். பாத்ரூம் கூட்டிப் போகும் ஆயாம்மாவும் வேன் அண்ணனும் எந்தப் பட்டியலிலும் வருவதே இல்லை. சுக்குமல்லி அரைக்கும்போது அவர்களுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கூடுதலாகக் கட்டுங்கள்.

சாருக்கு என்ன கொடுக்கறது? அப்புறம் மிஸ் வேற மதம்னா?

சாருக்கும் பேனா, காபி, செடி, சுக்குமல்லி எல்லாம் பொருந்தும். ‘ஆம்பளைப் பரிசு’ என்று தனியாகத் தேட வேண்டாம். வெளுத்த பருத்தித் துண்டும் நல்லது.

சாமி படம், குங்குமச் சிமிழ், விளக்கு, துளசிச் செடி இவற்றை யாருக்குமே தவிர்த்துவிடுங்கள். ஒரே மதமாக இருந்தாலும் அவரவர் வீட்டு வழக்கம் வேறு. வளையல், பொட்டு, பூ வைக்காதவருக்கு அவற்றை நீட்டுவது மனதை நோகடிக்கும். ஏன் வைப்பதில்லை என்று பிள்ளையை விட்டுக் கேட்கவும் கூடாது.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஆளுக்கு 500 போடச் சொல்றாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

குரூப்பில் விவாதம் வேண்டாம். வசூலிப்பவருக்குத் தனியாக, ‘நாங்க பாப்பாவை விட்டு லெட்டர் எழுதித் தர்றோம் அக்கா, எங்களை விட்டுடுங்க’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.

வசூலிப்பவர் நீங்கள் என்றால் இதைக் கவனியுங்கள்: தொகை குறிப்பிடாதீர்கள், மேல் வரம்பு மட்டும் சொல்லுங்கள், ‘50 ரூபாய்க்கு மேல் யாரும் அனுப்ப வேண்டாம்’ என்று. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் போடவே போடாதீர்கள், பில்லை மட்டும் போடுங்கள். கார்டில் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகள் பெயரும் இருக்க வேண்டும், கொடுக்காதவர் பெயரும்தான். சேர்ந்த பணத்தில் ஆசிரியருக்கு நகை வாங்குவதைவிட வகுப்பு நூலகத்துக்குப் பத்துப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதித் தருவது நல்லது. விதிச் சிக்கலும் வராது.

பொண்ணு ஏற்காட்ல ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை மேல போறோம். மிஸ்ஸுக்கு என்ன எடுத்துட்டுப் போறது?

மேலே இருப்பவருக்குக் காபித் தூளும் மிளகும் வேண்டாம், அது அவர் வாசலிலேயே விளைகிறது. கீழிருந்து கொண்டு போங்கள்: ஜவ்வரிசி வடாம், பருத்தித் துண்டு, சீசனில் மாம்பழம். மேலே மருந்துக் கடைகளும் ஸ்டேஷனரி கடைகளும் குறைவு, பேனா ரீஃபில் மாதிரி சின்னச் சின்ன சாமான் ரொம்ப உதவும்.

இருபது கொண்டை ஊசி வளைவு என்பதை மறந்து க்ரீம் கேக் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பாதி வழியிலேயே அது பெட்டியின் ஒரு மூலைக்குப் போய்விடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், ஒட்டிய சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும், மெல்லிய கவர் தையலில் பிரிந்துவிடும். ஊறுகாய் பாட்டிலில் இருந்து எண்ணெய் கசிவதும் அதனால்தான். முக்கால் பாட்டில்தான் நிரப்ப வேண்டும், நிமிர்த்தி வைக்க வேண்டும். பனிக்காலத்தில் முறுக்கு, தட்டுவடை எல்லாம் ஒரே நாளில் நமத்துவிடும். டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.

பரீட்சை முடிஞ்சு பேப்பர் திருத்தற நேரம். மார்க்குக்காகக் கொடுக்கறோம்னு நினைச்சுட்டா?

நினைக்க வாய்ப்பு உண்டு, அதனால் அப்போது கொடுக்காதீர்கள். ரேங்க் கார்டு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். பிள்ளை மேல் புகார் வந்த வாரத்திலும் வேண்டாம். கடிதம் மட்டும் எப்போது கொடுத்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எதுல சுத்தறது? ஜிகினா பேப்பர் வாங்கக் கடை மூடிட்டாங்க.

மஞ்சப்பை. கல்யாண வீட்டில் கொடுத்தது ஒன்றாவது சுத்தமாக இருக்கும், தேய்த்துப் போடுங்கள். பிளாஸ்டிக் கைப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, பள்ளிக்குள் அதைக் கொண்டு போவது அழகும் இல்லை. கடிதத்தைப் பைக்குள் போடாமல் பிள்ளை கையில் தனியாகக் கொடுங்கள். பைக்குள் போனால் வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணில் படும்.

தேதி தாண்டிடுச்சு. இனி கொடுத்தா அசிங்கமா இருக்காதா?

இருக்காது. செப்டம்பர் 5-ல் கிடைத்ததில் எது யார் கொடுத்தது என்று அவருக்கே குழப்பம். ஒரு வாரம் கழித்து வருவது தனியாகத் தெரியும். தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம்.

கொடுத்ததை மிஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. பொண்ணு அழறா. நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டமா?

பள்ளி விதியாக இருக்கலாம், அல்லது ஒருவரிடம் வாங்கினால் எல்லாரிடமும் வாங்க வேண்டும் என்று அவர் வைத்திருக்கும் ஒழுங்காக இருக்கலாம். போன் போட்டு வற்புறுத்தாதீர்கள், வேறொருவர் மூலம் அவர் வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். பெண்ணிடம், ‘மிஸ் யார்கிட்டயும் வாங்கறதில்லையாம், லெட்டரை வச்சுக்கிட்டாங்க பாத்தியா’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கடிதத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். பொருள் பேனாவோ புத்தகமோ என்றால் வகுப்புக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்று டைரியில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். காபித் தூள் என்றால் பிரித்து நீங்களே போட்டுக் குடியுங்கள், நாளாக நாளாக மணம் போய்விடும்.